கண்ணாடிக்குள்ள நின்ன மீசைக்காரன்

மலாக்கா டவுனை நடந்தே என் பொண்டாட்டிக்கு முழுசாச் சுத்திக் காட்டிடறதுன்னு ஒரு முடிவு எடுத்தேன். ஆசையினால இல்ல. காளிதாசினால.

காளிதாஸ் எங்க எஸ்டேட் ஆஸ்பத்திரி டிரஸர். காய்ச்சல்னு போனா கொய்னா மாத்திரை, வயித்துவலின்னு போனா கொய்னா, மனசு சரியில்லைன்னு போனாலும் கொய்னாதான் குடுப்பான். அறிவு அவ்வளவுதான். ஆனா மீசை! ரெண்டு பக்கமும் முறுக்கிவிட்டு, நுனியில மெழுகு தடவி, பத்து மணி பத்து நிமிஷம் காட்டுற கடியார முள்ளு மாதிரி நிக்கும். அந்த மீசைக்காரனைப் பத்தி என் பொண்டாட்டி பெரியநாயகி ஒரே மாசத்துல பதினாலு தரம் பேசினா. நான் எண்ணினேன்.

எண்ணறது எனக்குப் பழக்கம். நியாலாஸ் பக்கம் எங்க எஸ்டேட் பள்ளிக்கூடத்துல வாரத்துல அஞ்சு நாள் நான் சின்ன வாத்தியார். சனிக்கிழமை ஆனா மலாக்காவுல வாத்தியார் பயிற்சி வகுப்புல மாணவன். பேரு தங்கையா. வயசு இருபத்திரண்டு. கோவம் வயசைவிட ஜாஸ்தி.

எனக்குச் சும்மா கோவம் வராது. நியாயத்துக்குத்தான் வரும். நியாயம் என்னான்னு எனக்கு மட்டும்தான் தெரியும்கறதால அடிக்கடி வரும். வகுப்புல பாடம் நடத்துறவரோட சண்டை. பஸ்ஸுல டிக்கெட் குடுக்கிறவனோட சண்டை. கோயில் கமிட்டியோட சண்டை. மீசைங்கிறதே ஆம்பளைத் திமிரோட கொடிக்கம்பம்னு சொல்லி, இருந்த நாலு முடியையும் நானே சிரைச்சிட்டேன். அதுல இருந்து லயத்து வீடுகள்ல எல்லாரும் என்னை ஒரு மாதிரியாத்தான் பாக்கிறாங்க.

போட்டோ விஷயமும் அப்படித்தான். எங்க கல்யாணம் எஸ்டேட்டுலயே நடந்தது. மாமியார் கருப்பாயி ஊர்ல, சேந்தமங்கலத்துல. என்னைப் பாத்ததே இல்ல. "மாப்பிள்ளையும் நீயும் சேந்து நின்னு ஒரு போட்டோ அனுப்பு தாயி"ன்னு ரெண்டு வருஷமாக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு. நான் முடியாதுன்னுட்டேன். ஏன் தெரியுமா? நம்ம ஆளுங்க போட்டோ கடைக்குப் போனா கடைக்காரன் இரவல் கோட்டு குடுப்பான். இரவல் கடியாரச் சங்கிலி குடுப்பான். பின்னாடி சீலையில எழுதின அரண்மனையைத் தொங்கவிடுவான். காலையில ரப்பர் பால்வாளி தூக்கினவன் சாயங்காலம் ஜமீன்தாரா நிப்பான். அந்தப் படம் கப்பலேறி ஊருக்குப் போகும். அதைப் பாத்து இன்னும் நூறு பேரு இங்க கப்பலேறுவான்!

"இது பொய்! பித்தலாட்டம்! என் காலு போட்டோ கடைப் படிய மிதிக்காது. இது சத்தியம்!"னு அன்னைக்கு ராத்திரி சோறு ஆறுற வரைக்கும் பேசினேன்.

பெரியநாயகி அரிசியில கல்லு பொறுக்கிக்கிட்டே, "சரி"ன்னா.

என் கல்யாண வாழ்க்கையில நான் ஜெயிச்ச ஒரே சண்டை அதுதான்னு நெனைச்சிக்கிட்டு இருந்தேன்.

இப்ப காளிதாசுக்கு வர்றேன். பதினஞ்சாவது தரம் இப்படி ஆரம்பிச்சுது:

"ஏங்க, மலாக்காவுல கடலுக்கு ஓரமாவே பெரிய மைதானமாம்ல? டிரஸர் அண்ணன் சொல்லிச்சு."

"அவனுக்கு என்ன தெரியும் மலாக்காவைப் பத்தி?"

"மலை மேல இடிஞ்ச கோயிலு ஒண்ணு, கூரையே இல்லாம நிக்குதாம்."

"அதையும் அவன்தான் சொன்னானா?"

"ஆமா. நல்லாச் சொல்லுது அண்ணன். பக்கத்துல ஒக்காந்து பொறுமையா."

"பக்கத்துல எதுக்கு ஒக்காந்தே?"

"நின்னா காலு வலிக்கும்ல."

"ஒனக்கு என்ன சீக்கு? ஆஸ்பத்திரியில ஒனக்கென்ன வேலை?"

"சீக்கு வந்தாத்தான் போவணுமா? மனுஷன்னா நாலு பேர்கிட்ட பேசுறதுதான். நீங்க சண்டை போடுறீங்க. நான் பேசுறேன்."

எனக்கு உச்சந்தலையில புகை வந்துச்சு. வாராவாரம் மலாக்காவுல கால் வைக்கிறவன் நான். மலாக்கா எப்ப யாரு கையில இருந்துச்சுன்னு வருஷத்தோட சொல்லுறவன் நான். என் பொண்டாட்டிக்கு மலாக்காவைச் சொல்லிக் குடுக்கிறது கொய்னாக்காரனா?

"வர்ற ஞாயித்துக்கிழமை கிளம்பு! பஸ்ஸை விட்டு எறங்கினா ரிக்ஷா கெடையாது, ஒண்ணும் கெடையாது. நடை. ஒரு தெரு விடாம, ஒரு கல்லு விடாம நானே காட்டுறேன். அப்புறம் அந்த மீசைக்காரன் பேச்சு இந்த வீட்டுல கேக்கக் கூடாது!"

அவ முகம் அப்படியே விரிஞ்சுது. "நெசமாவா? அப்ப இருசம்மாக்காவையும் கூட்டிக்கலாங்க."

இருசம்மாக்கா பக்கத்து வீடு. ஆளு நெடுநெடுன்னு நிலைவாசலைத் தொடுற உசரம். குரலும் அதுக்கேத்த மாதிரி. விடிகாலையில பெரட்டுக்கு ஆளுங்க வரிசையா நிக்கிறப்போ அக்கா "ஆஜர்!"னு சொன்னா கங்காணியே ஒரு அடி பின்னாடி போவான். நெறைஞ்ச பால்வாளி ரெண்டை ரெண்டு கையிலயும் தொங்கவிட்டு, பூக்கூடை மாதிரி ஆட்டிக்கிட்டு வரும். என்னைத் 'தம்பி'ன்னுதான் கூப்பிடும். பாசமா இல்ல. பாவமா.

"முடியாது. புருஷன் பொண்டாட்டி போற எடத்துல மூணாவது ஆளு எதுக்கு?"

"சரி"ன்னா பெரியநாயகி.

ரெண்டாவது தரமும் ஜெயிச்சேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஜாசின் வழியா பஸ் புடிச்சி எட்டரை மணிக்கெல்லாம் மலாக்காவுல எறங்கிட்டோம். நான் புது சப்பாத்து. சட்டைப்பையில ஒரு நோட்டு. நோட்டுல அட்டவணை: எட்டே முக்கால், மணிக்கூண்டு. ஒம்போது, மலை. பத்தரை, கடலோரம். பதினொண்ணரை, ஆத்துப்பாலம். சாப்பாட்டுக்கு அரை மணி. அப்புறம் கடைத்தெரு. ஒவ்வொரு எடத்துக்கும் என்ன சொல்லணும்னு அடியில குறிப்பு.

மணிக்கூண்டுக்கு முன்னாடி நின்னு தொண்டையைச் செருமினேன். "இந்தச் செவப்புக் கட்டடங்களை எல்லாம் ஒலாந்தாக்காரன் கட்டினான். அவனுக்கு முன்னாடி போர்த்துக்கீசியன். அவன் வந்தது ஆயிரத்து ஐநூத்துப் பதினொண்ணு..."

"ஏங்க, அந்தக் கடியாரம் ஓடுதா?"

"ஓடாம? ஏன்?"

"சும்மாத்தான். மணி பாத்துக்கலாம்ல."

அவ அன்னைக்குப் பூரா மணி பாத்துக்கிட்டே இருந்தா. வரலாத்துல ஒரு பொம்பளைக்கு இவ்வளவு அக்கறையான்னு நான் பூரிச்சுப்போனேன்.

மலை ஏறினோம். ஏறினோம்னா அவ ஏறினா. தெனம் முன்னூத்தி அம்பது ரப்பர் மரத்துல பாலுக்கு வெட்டுப் போட்டு, மேட்டுலயும் பள்ளத்துலயும் பால் சுமக்கிற காலு. செருப்பில்லாம ஆடு மாதிரித் தாவிப் போயிட்டா. நான் பாதிப் படியில சப்பாத்தைக் கழட்டிப் பாத்தேன். குதிகால் தோலு என்னோட வரலை, சப்பாத்தோட போயிருச்சு.

"வாத்தியாரே! மேல காத்து நல்லா இருக்கு! போர்த்துக்கீசியன் எந்தப் பக்கம் வந்தான், வந்து காட்டுங்க!"

மேல போனா ஒரு வெள்ளைக்காரத் துரைசானிக்கு ஒரு ஆளு கல்லறைக் கல்லைக் காட்டி என்னமோ விளக்கம் சொல்லிக்கிட்டு இருந்தான். வருஷத்தைத் தப்பாச் சொன்னான். எனக்குப் பொறுக்குமா? "நோ! ராங்!"னேன். அவன் மொறைச்சான். நானும் மொறைச்சேன். அவன் மலாயில நாலு வார்த்தை சொன்னான். நான் தமிழ்ல நாப்பது சொன்னேன். அந்தம்மா குடையை எடுத்துக்கிட்டு எறங்கிப் போயிட்டாங்க. கால் மணி நேரம் போச்சு.

"முடிஞ்சுதா? வாங்க, நேரமாவுது"ன்னு பெரியநாயகி என் கையைப் புடிச்சி இழுத்துக்கிட்டு எறங்கினா.

"எதுக்கு நேரமாவுது?"

"ஒங்க அட்டவணைக்கு."

பாருங்க, எவ்வளவு பொறுப்பான பொண்டாட்டி! நொண்டிக்கிட்டே கடலோரம் நடந்தேன். மைதானத்துல பந்து வெளையாடுறதைப் பாத்தோம். அலையில கால் நனைச்சா. வேர்க்கடலை வாங்கிக் குடுத்தேன். காளிதாசு பேச்சே வரலை. நானே கொஞ்சம் கிளப்பிப் பாத்தேன்.

"என்ன, ஒங்க டிரஸர் அண்ணன் இதெல்லாம் சொல்லிச்சா?"

"இல்ல. நீங்க சொல்றதுதான் ஜாஸ்தி."

ஜாஸ்தியா, நல்லாவான்னு கேக்கலாம்னு வாயெடுத்தேன். ஒரு கடலைய வாயில போட்டுக்கிட்டேன்.

வம்பு, மத்தியானம் சாப்பிட்டு முடிச்சு ஆத்துப்பாலம் தாண்டினதும் வந்துச்சு. அந்தப் பக்கம் சீனன் கடைங்க. ஒரே மாதிரி வீடு, ஒரே மாதிரி தெரு, எல்லாத்துக்கும் முன்னாடி கூரை போட்ட அஞ்சடி நடைபாதை. மூணு தரம் திரும்பினேன். மறுபடியும் அதே சவப்பெட்டிக் கடை முன்னாடி வந்து நின்னேன். கடைக்காரன் என்னைப் பாத்துச் சிரிச்சான். அளவு எடுக்கிற மாதிரி இருந்துச்சு.

"இப்படி வாங்க"ன்னா பெரியநாயகி.

"ஒனக்கு என்ன தெரியும்?"

"இந்த மூலையில இருந்து பதினெட்டாவது தூணு. அங்க சோத்தாங்கைப் பக்கம் திரும்பணும். அப்புறம் ஒம்போது தூணு."

மரம் வெட்டுறவ பழக்கம்! நெறைக்கு, அதான் மர வரிசைக்கு, இத்தனை மரம்னு எண்ணி எண்ணியே நடப்பாங்க. இருட்டுல விட்டாலும் அவங்கவங்க நெறைக்குப் போயிடுவாங்க. அதே மாதிரி தூணைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கிட்டே போறா. பதினெட்டு. திரும்பினா. தெரு இருந்துச்சு.

எனக்குச் சுருக்குன்னு குத்துச்சு. எண்ணிப் போறான்னா, முன்னாடியே எண்ணியிருக்கணும்.

"நீ இங்க எப்ப வந்தே?"

"ஒரு மழை நாள்ல."

"மழை நாள்லயா?"

"விடிகாலையில மழை பேஞ்சா மரத்துல கத்தி வைக்க முடியுமா? பெரட்டுலயே வேலை இல்லைன்னு அனுப்பிட்டாங்க. நீங்க அன்னைக்கு வகுப்புக்குப் போயிட்டீங்க. சும்மா வந்தேன்."

"யாரோட?"

"ஏழு, எட்டு, ஒம்போது. வந்தாச்சு. தாகமா இருக்குங்க, செண்டோல் குடிக்கலாம்."

தெரு ஓரத்துல ஒரு வயசான மலாய்க்காரர் ஐஸும் தேங்காய்ப்பாலும் போட்ட செண்டோல் வித்துக்கிட்டு இருந்தார். பெரியநாயகியப் பாத்ததும் அவர் முகமெல்லாம் பல்லு. என்னைத் தாண்டி, என் தோளுக்குப் பின்னாடி எட்டிப் பாத்தார்.

"ஹாரி இனி லாக்கி தா இகுட்?"

இன்னைக்குப் புருஷன் கூட வரலையான்னு கேக்குறார்! நான் நிக்கிறேன்! முழுசா, சப்பாத்தோட, வேர்த்துக்கிட்டு நிக்கிறேன்! என் எதிர்லயே கேக்குறார்!

"நான்தான் லாக்கி!"னு கத்தினேன்.

அவர் என்னை மேலயும் கீழயும் பாத்தார். அப்புறம் மூக்குக்கு அடியில ரெண்டு வெரலை வச்சு முறுக்கிக் காட்டினார். மீசை! அந்த ஆளுக்கு மீசை இருந்துச்சாம்! தலைக்கு மேல கையை ஒசத்தியும் காட்டினார். உசரமாம்! ரெண்டு கப்பு குடிச்சானாம்! ரொம்ப நல்ல மனுஷனாம், சிரிச்சிக்கிட்டே இருந்தானாம்!

"பெரியநாயகி!"

"செண்டோல் கரையுது, குடிங்க."

"யாரு அவன்?"

"குடிச்சிட்டுப் பேசலாம்."

நான் குடிக்கலை. திரும்பினேன். எதிர்ல ஒரு போட்டோ கடை. முன்னாடி கண்ணாடிப் பெட்டி. உள்ள நல்லா வெயில் படுற எடத்துல, பெரிய சட்டம் போட்டு ஒரு படம்.

பின்னாடி அரண்மனை. பக்கத்துல பூந்தொட்டி. தொட்டிக்கு இந்தப் பக்கம் என் பொண்டாட்டி, கல்யாணச் சேலையில. அந்தப் பக்கம் ஒருத்தன்! கோட்டு, தலைப்பாகை, கடியாரச் சங்கிலி. காதுவரைக்கும் மீசை. நெஞ்சை நிமித்திக்கிட்டு, என் பொண்டாட்டி தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, ஒலகமே தனக்குச் சொந்தங்கிற மாதிரி நிக்கிறான். மூஞ்சி எங்கயோ பாத்த மூஞ்சி. காளிதாசான்னு உத்துப் பாத்தேன். இல்ல. காளிதாசு இவன் நெஞ்சு உசரம்தான் வருவான். இவனைப் பாத்தா அந்தக் கொய்னாக்காரன் மேலயே எனக்குப் பாசம் வந்துச்சு. என்ன ஒரு அமைதி அந்த மொகத்துல! அதுதான் எனக்குத் தாங்கலை. திருட்டுப் பய, கொஞ்சமாவது முழிக்க வேணாமா?

ஒரே பாய்ச்சல். கடைக்குள்ள நின்னேன்.

"தவுக்கே! சியாப்பா இனி ஓராங்?" யாருய்யா இந்த ஆளு?

சீனக் கடை மொதலாளி, அந்தப் போட்டோ தவுக்கே, கண்ணாடியத் தொடைச்சி மாட்டிக்கிட்டு நிதானமாப் பாத்தார். "இதா? லாக்கி டியா லா." அவளோட புருஷன் லா.

"புருஷன் நான்!"

"நீயா?" அவர் படத்தைப் பாத்தார். என்னைப் பாத்தார். படத்துக்கே ஓட்டுப் போடுற மாதிரி தலையாட்டினார். "அந்தப் புருஷன் நல்லா அசையாம நிக்கும்."

"அவனை எங்க புடிக்கலாம்? அட்ரஸ் குடு! ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன். கையில கெடைச்சான்னா அந்த மீசையை..."

"மீசைய என்ன தம்பி பண்ணப் போறே?"

பின்னாடி இருந்து குரல். கடையே அதிர்ந்துச்சு. திரும்பினேன். வாசல்ல நிலைக்கு முட்ட நிக்குது இருசம்மாக்கா. கையில மஞ்சப்பை. பக்கத்துல பெரியநாயகி, என்னோட செண்டோலையும் சேத்துக் குடிச்சிக்கிட்டு.

நான் அக்காவைப் பாத்தேன். படத்தைப் பாத்தேன். அக்காவைப் பாத்தேன். தெனம் காலையில வேலிக்கு அந்தப் பக்கம் பல்லு வெளக்குற மூஞ்சி!

"அக்கா... நீயா?"

"பின்ன? கோட்டு கொஞ்சம் அக்குள்ல புடிச்சுது. மத்தபடி நல்லா இருக்கேன்ல?"

"மீசை?"

"தவுக்கே மையில எழுதினாரு. அழிக்க மனசு வரலை. அப்படியே எதிர்ல போயி ரெண்டு கப்பு செண்டோல் குடிச்சேன். அந்தப் பாக்சிக், செண்டோல் பெரியவரு, என்ன மரியாதையாக் கூப்பிட்டாருங்கிறே!"

என் நெஞ்சு மேல இருந்து ஒரு ரப்பர் மரம் எறங்கின மாதிரி இருந்துச்சு. எறங்கின வேகத்துல கோவம் ஏறிச்சு.

"பெரியநாயகி! என்ன அக்கிரமம் இது? பெத்த தாய ஏமாத்தலாமா?"

அப்பத்தான் அவ கப்பைக் கீழ வச்சா. சிரிப்பும் நின்னுச்சு.

"ஏமாத்தினது யாரு? போன வருஷம் லீவுல ஊருக்குப் போனாரே வீராசாமி மாமா, அவரு எங்கம்மாகிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? ஒம் மருமவன் படிச்சவன்தான், ஆனா எஸ்டேட்டுல ஒருத்தரை விடாம சண்டை போடுறான், என்னைக்கு எந்தத் துரை வெரட்டுவானோன்னு சொல்லிட்டு வந்துட்டாரு. எங்கம்மா ரெண்டு மாசம் சோறு சரியாத் திங்கலை. என் மவ எவன்கிட்ட மாட்டிக்கிட்டாளோன்னு ஒரே அழுகை. ஒரு படம் அனுப்பினாத்தான் அதுக்கு உசுரு தங்கும்னு காயிதம் வந்துச்சு. நீங்க சத்தியம் பண்ணிட்டீங்க. நான் யாரைப் புடிக்கிறது?"

சண்டைக்கு வேற ஒரு புடி தேடினேன்.

"காயிதம் வந்துச்சா? காயிதமெல்லாம் நான்தானே படிச்சுக் காட்டுவேன்?"

"ஒங்ககிட்ட குடுத்தா படிப்பீங்க, பதிலும் நீங்களே எழுதுவீங்க. நான் நலம்னு சொன்னா நீங்க நடுவுல சீர்திருத்தம் பத்தி ரெண்டு பக்கம் எழுதுவீங்க. டிரஸர் அண்ணன் சொன்னதை மட்டும் எழுதுது."

காளிதாஸ்! பதினஞ்சு தரமும் காயிதம்தானா!

மடியில இருந்து மடிச்ச தாளை எடுத்து நீட்டினா. "இது போன மாசம் வந்துச்சு. படிங்க. சத்தமா."

படிச்சேன். வேற வழி?

"அன்பு மகள் பெரியநாயகிக்கு அம்மா எழுதிக்கொள்வது. படம் கெடச்சது. மாப்பிள்ளையைப் பாத்துக் கண்ணு நெறஞ்சு போச்சு. என்ன உசரம், என்ன லட்சணம், மொகத்துல என்ன சாந்தம். இவரைப் போயி சண்டைக்காரர்னு சொன்ன வீராசாமி நாக்கு அழுகட்டும். இப்ப ரெண்டு வேளை சோறு திங்கிறேன். ஊரே வந்து பாத்துட்டுப் போவுது. ஒரே ஒரு கொறை. மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவங்க யாரும் இல்லையான்னு எல்லாரும் கேக்குறாங்க. ஒத்தை ஆளுக்கா பொண்ணு குடுத்தோம்னு மனசு சங்கடப்படுது. யாராச்சும் இருந்தா அவங்களையும் சேத்து ஒரு படம் எடுத்து அனுப்பவும்."

இருசம்மாக்கா முந்தானையால கண்ணத் தொடைச்சுக்கிச்சு. "என்னா நல்ல மாமியா எனக்கு!"

பொறாமை! ஆமாங்க, ஒத்துக்கிறேன். பால்வாளி தூக்குற பக்கத்து வீட்டு அக்கா மேல எனக்குப் பொறாமை. என் மாமியார் கண்ணு நெறைஞ்சது அதைப் பாத்து. ஊரே வந்து பாத்தது அதை. என்னைப் பாத்து இதுவரைக்கும் யாருக்குக் கண்ணு நெறைஞ்சிருக்கு? எங்க பயிற்சி வகுப்புல பாடம் நடத்துறவருக்கு ஒரு தரம் நெறைஞ்சுது. அது வேற காரணம்.

"சத்தியம் கெடக்கட்டும்! நானே நிக்கிறேன்! குடு அந்தக் கோட்டை! தவுக்கே, எழுது மீசைய!"

பெரியநாயகி என்னையே பாத்தா. "நெசமாவா?"

"நெசமாத்தான்!"

கோட்டு போட்டேன். கை எங்கயோ உள்ள தொலைஞ்சு போச்சு. தலைப்பாகை காதோட நிக்கலை, மூக்கு வரைக்கும் வந்துச்சு. தவுக்கே மீசை எழுதினார். கண்ணாடியில பாத்தேன். பூனை ஒண்ணு கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரி இருந்துச்சு. பரவாயில்ல. பூந்தொட்டிக்குப் பக்கத்துல நின்னேன். தவுக்கே கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டார்.

"ஜாங்கான் கெராக்!" அசையாதே!

"அந்த அரண்மனைய எடுத்துட்டு ஒரு ரப்பர் மரத்தை வச்சா என்ன? உண்மையா இருக்கும்ல?"

"ஜாங்கான் கெராக்!"

"இல்ல, நான் என்ன சொல்ல வர்றேன்னா, ஒரு தொழிலாளிய..."

மூணு தரம் எடுத்தார். மூணு தரமும் வெரலை மடக்கித் தன் கையிலயே கொட்டு வச்சுக்கிட்டார். என் தலையில வைக்க முடியாததால. கடைசியில துணிக்குள்ள இருந்து வெளிய வந்து பெரியநாயகிகிட்ட என்னமோ கெஞ்சினார். அந்தப் பழைய புருஷனையே நிக்கச் சொல்லும்மா, போட்டோ தட்டு வீணாப் போவுதுங்கிறார்!

"அதுவும் சரிதாங்க," பெரியநாயகி மெதுவா என் பக்கத்துல வந்தா. "நீங்க நின்னாலும் இப்ப அனுப்ப முடியாது. எங்கம்மா ஒரு மாப்பிள்ளையப் பாத்துருச்சு. திடீர்னு வேற ஒருத்தர் நின்னா நான் என்னான்னு எழுதுறது? இன்னொரு கல்யாணம் பண்ணிக்கிட்டேன்னா?"

"அப்ப?"

"மாப்பிள்ளைக்குக் கூடப் பொறந்தவங்கதான் வேணும்னு எழுதியிருக்கு."

இருசம்மாக்கா ஏற்கனவே கோட்டை என் தோள்ல இருந்து கழட்டிக்கிட்டு இருந்துச்சு. "வா தம்பி. அண்ணனுக்குப் பின்னாடி நில்லு."

"அக்கா எப்படி இங்க வந்துச்சு? அதைச் சொல்லு முதல்ல!"

"மத்தியான பஸ்ஸுல. மணி ரெண்டுக்கு வரச் சொன்னேன். அதான் காலையில இருந்து கடியாரம் பாத்துக்கிட்டே வந்தேன்."

"அந்தப் படத்தைக் கண்ணாடியில மாட்டினது?"

தவுக்கே இருசம்மாக்காவைக் கை காட்டினார். "டியா சூரோ லா. போன வாரம் வந்து, வெயில் படுற எடத்துல மாட்டுன்னு சொல்லிச்சு."

"அப்படி மாட்டலைன்னா நீங்க இந்தப் படிய மிதிச்சிருப்பீங்களா?"ன்னா பெரியநாயகி. "கூப்பிட்டா வரமாட்டீங்க. கோவம் வந்தா ஓடி வருவீங்க. ஒங்க கூட ரெண்டு வருஷமாக் குடும்பம் நடத்துறேன்ல."

நின்னேன். அண்ணன் நாற்காலியில காலு மேல காலு போட்டு உக்காந்துச்சு. பக்கத்துல அவ. பின்னாடி நான். தவுக்கே அசையாதேன்னார். அசையலை. அசையத் தெம்பு இல்ல.

அடுத்த வாரம் படம் கைக்கு வந்துச்சு. காளிதாசுகிட்ட எழுதக் குடுக்க வேணாம், நானே எழுதுறேன்னு நான்தான் சண்டை போட்டு வாங்கினேன். படத்துக்குப் பின்னாடி அவ சொல்லச் சொல்ல எழுதினேன்:

"நடுவுல உக்காந்திருக்கிறது உங்க மாப்பிள்ளை. பக்கத்துல நான். பின்னாடி நிக்கிறது மாப்பிள்ளையோட தம்பி. படிச்சிக்கிட்டிருக்கான். வீராசாமி மாமா சொன்ன சண்டைக்காரன் இவன்தான். மாமா ஆளு மாத்திச் சொல்லிட்டாரு."

மூணு மாசம் கழிச்சு பதில் வந்துச்சு. இந்தத் தரம் பிரிச்சது நான். படிச்சேன். எனக்கு றெக்கை மொளைச்சுது. பெரியநாயகி அடுப்புக்கிட்ட இருந்தா. அவ காதுல நல்லா விழட்டும்னு, ஒரு வார்த்தைக்கு ஒரு வார்த்தை எடம் விட்டு, பாட்டா ராகமா படிச்சேன். காளிதாசு பேரைப் பதினஞ்சு தரம் கேட்டவன்யா நான்! அவளும் ஒரு தரம் வேகட்டுமே!

"மாப்பிள்ளையோட... தம்பி... மொகத்துல... படிப்புக் களை... இருக்கு. நம்ம... ராமாத்தா... மவளுக்கு... அவரைக்... கேக்கலாம்னு... இருக்கோம். பொண்ணு... செவப்பு. பதினெட்டு... வயசு. ஒன்... அபிப்பிராயம்... எழுதவும்."

படிச்சிட்டு ஓரக்கண்ணால பாத்தேன். கரண்டி நின்னுச்சு. ஆகா! முகம் செவக்குமா? கண்ணு கலங்குமா?

பெரியநாயகி அடுப்பைத் தணிச்சு வச்சா. கையைத் தொடைச்சா. பேனாவை எடுத்து என் கையில குடுத்தா.

"எழுதுங்க: வேணாம்மா. அந்தப் பொண்ணு பாவம்."